உப்பளத்தின் மேல் ஒரு தெரு

ஏழாம் அத்தியாயத்தில்
என் கதாநாயகி மழைக்கு ஒதுங்கிய வாசற்படி
அந்த வருடத்தில் இன்னும் உப்பளமாகவே இருந்தது.
பழைய வரைபடத்தை என் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு
நீவெஸ் சொன்னாள்:
"இடுப்பளவு சேற்றில் நிற்கிறாள் உங்கள் பெண்."
சிரிக்கவில்லை.
பென்சிலைத் தவிர வேறெதற்கும் அனுமதியில்லாத அறை அது.

திரியெஸ்தே.
மூன்று குளிர்காலமாக வந்துபோகிறேன்.
எங்கள் ரீகாவில் பனி மேலிருந்து விழும்.
இங்கே போரா என்றொரு காற்று
மலையிலிருந்து இறங்கி வந்து
ஆளை அலாக்காகத் தூக்கி அடுத்த தெருவில் வைக்கும்.
முன்பெல்லாம் பிடித்துக்கொண்டு நடக்க
முனைக்கு முனை கயிறு கட்டியிருப்பார்களாம்.
கயிறு எவ்வளவு தடிமன்?
நான் கேட்காத ஆளில்லை.
மீன்கடை எர்வீனோ கட்டைவிரலைக் காட்டினான்.
அவன் மனைவி மணிக்கட்டைக் காட்டினாள்.
பிறகு என்னை மறந்துவிட்டு
அவர்களுக்குள் சண்டை,
தராசில் ஒரு மத்தி மீன் காத்துக்கிடக்க.

மெழுகுவர்த்தியின் விலை எனக்குத் தெரியும்.
படுக்கப் போகும்போது அதை
ஊதி அணைத்தார்களா, விரலால் நசுக்கினார்களா,
அது தெரியாது.
எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

கப்பலில் வந்த கடிதங்களை
கொள்ளைநோய்க்குப் பயந்து
உளியால் இரண்டிடத்தில் கீறி
வினிகர் காட்டிய பிறகே ஊருக்குள் விட்டார்கள்.
அப்படியொன்று இன்று என் மேசைக்கு வந்தது.
யாரும் பார்க்காதபோது முகர்ந்தேன்.
அட்டைப்பெட்டி வாசனைதான்.
ஸ்மிர்னாவிலிருந்து ஒருவன் எழுதுகிறான்:
அத்திப்பழம் நாற்பது கூடை அனுப்பியிருக்கிறேன்,
அடிக்கூடைகளை முதலில் விற்றுவிடு,
உன் தங்கையிடம் சொல், வசந்தத்தில் நான்
அங்கே கீறல்.
உளி போன வழியே வினைச்சொல் போயிற்று.
வருவேன் என்று வைக்கலாம்.
வரமாட்டேன் என்றும் வைக்கலாம்.
இதைவிட என்ன வேண்டும் ஒரு நாவல்காரிக்கு?
மதியச் சாப்பாட்டை விட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.
எதையும் வைக்கக் கை வரவில்லை.

ஐந்து மணிக்கு விளக்கை அணைக்குமுன்
அடுத்த அலமாரியைத் தலையசைத்துக் காட்டினாள் நீவெஸ்.
இருபத்தொன்பதாம் வருடத்துக் கட்டு.
"என் அப்பாவுக்கு அப்போது நான்கு வயது.
கொட்ஸ்யான்சிச்சாகப் படுத்தார்,
கான்ச்சானியாக எழுந்தார்.
முத்திரை, கையெழுத்து, தேதி,
எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நானே சரிபார்த்தேன்."
போருக்குப் பிறகு மாற்றிக்கொள்ளவில்லையா என்றேன்.
"அழைப்புமணிப் பலகையைப் பித்தளையில் அடித்தாகிவிட்டதே"
என்றபடி சாவியைத் தேடினாள்.

செருப்பின் வார், துடுப்பின் நீளம்,
உப்பு வாரும் பலகைக்கு எந்த மரம்,
எத்தனை கேட்டிருப்பேன் இவளிடம்.
இவள் பெயரைக் கேட்டது
கோரிக்கைச் சீட்டில் நிரப்ப மட்டும்.
அதிலும் எழுத்துப்பிழை.

வெளியே வந்தோம். காற்று
குப்பைத்தொட்டியொன்றைக் கடலை நோக்கி
நடத்திப்போய்க்கொண்டிருந்தது.
பிடிக்கக் கயிறு இல்லை.
நீவெஸ் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன்.
எர்வீனோவின் மனைவி சொன்னதுதான் சரி.
பேருந்து நிறுத்தம்வரை இருவரும் பேசவில்லை,
பேசினாலும் கேட்டிருக்காது.

இரவு ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தேன்.
தெருவை எடுத்தேன்.
வாசற்படியை எடுத்தேன்.
மழையை எடுக்கவில்லை.